ஆளில்லாத நேரத்துக்கான பிரேக்

குன்னூரில் வீடு என்றால் மேட்டிலோ பள்ளத்திலோதான் இருக்கும். எங்கள் வீடு மேட்டில். வாசலில் தொடங்கும் சந்து சரேலென்று இறங்கி, பொதுக் குழாயடியில் போய் முடியும். காலை வேளையில் குடத்தோடு பெண்களும், பள்ளி வேனுக்காகப் பிள்ளைகளும் அங்கேதான் நிற்பார்கள். எங்களுக்கு வண்டி நிறுத்த அந்தச் சந்தை விட்டால் வேறு இடம் கிடையாது. மேலே நிற்கும் காரின் ஹேண்ட் பிரேக்கை நம்பித்தான் கீழே அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

அந்த ஹேண்ட் பிரேக்தான், புதுக் கார் வாங்கிய சில வாரங்களிலேயே எங்களைப் படாத பாடு படுத்தியது. அதைச் சரிசெய்ய நடந்த நடையிலும் பேசிய பேச்சிலும் தெரிந்துகொண்டவை மலையில் வண்டி வைத்திருக்கும் எவருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் யாரும் அதற்கு முன் கார் வாங்கியதில்லை. நான் பள்ளி ஆசிரியை. கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு வேலை. வங்கிக் கடன் போட்டு, கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கார் எடுத்தோம். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு பாக்குத் தோப்புகளின் நிழலில் ஓடி, பர்லியாறில் டீ குடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் அதை ஏற்றிக்கொண்டு வந்த அன்று வண்டி எந்தக் குறையும் காட்டவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி லீவரைச் சற்று இழுத்ததுமே கெட்டியாக நின்றது. அத்தை சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத் திருஷ்டி கழித்தார்.

கோளாறு முதலில் என் கையில்தான் தெரிந்தது. லீவரை இழுக்கும்போது உள்ளே பல் ஏறும் சத்தம் கேட்கும். எத்தனை பல்லுக்குள் வண்டி நிற்க வேண்டும் என்று வண்டியோடு தரும் கையேட்டில் போட்டிருப்பார்கள். எங்கள் வண்டியில் அந்த அளவு மெல்ல மெல்லத் தாண்டிப்போனது. லீவர் முதலில் இருந்ததைவிட உயரமாக வந்தது. பிறகு அதைவிடவும் உயரமாக. இழுத்து முடிக்கும்போது கைக்குக் கிடைக்கும் அந்த இறுக்கம் மட்டும் வருவதே இல்லை.

ஒரு சந்தை நாளில் அது வெளிப்படையாகவே தெரிந்துவிட்டது. கணவர், அத்தை, மகள் எல்லோரும் வண்டியில். பின்னால் ஒரு வாரத்துக் காய்கறியும் அரிசிச் சிப்பமும். மார்க்கெட்டிலிருந்து பெட்ஃபோர்டு பக்கமாக ஏறும்போது முன்னே ஒரு பேருந்து நின்றுவிட்டது. மேட்டில் வண்டி எடுக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரைக் கொடுத்துக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை விடுவது. நான் லீவரை மேலே வரைக்கும் இழுத்துவிட்டு, கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பின்னால் நகர்ந்தது. பின்னாலிருந்த ஜீப் ஹாரன் அடித்தது. உடனே காலை வைத்து நிறுத்திவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அத்தை என் தோளைப் பிடித்த பிடி வீடு வந்து சேரும்வரை தளரவில்லை.

மறுநாள் நான் தனியாக அதே மேட்டில் போய் நிறுத்திப் பார்த்தேன். வண்டி நின்றது. ஆள் ஏறினால் நழுவுகிறது, இல்லாவிட்டால் நிற்கிறது. பிரேக்கில் இப்படிப் பாதி நேரம் மட்டும் தலைகாட்டும் கோளாறுதான் ரொம்ப ஆபத்து. ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல விரும்புகிறவருக்கு அதுவே இடம் கொடுத்துவிடும்.

ஹேண்ட் பிரேக் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு நடந்தது விளங்கும். கால் பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குகிறது. மிதித்ததும் நான்கு சக்கரமும் பிடிக்கும். ஹேண்ட் பிரேக்குக்கு எண்ணெய் கிடையாது, வெறும் கம்பிக் கேபிள்தான். எண்ணெய் முழுக்கக் கசிந்து கால் பிரேக் செத்துப்போனாலும் இது தனியாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். எங்களுடையது போன்ற சின்னக் கார்களில் பின்சக்கரம் இரண்டிலும் டிரம் இருக்கும். டிரம்முக்குள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூக்கள். அவற்றின் வெளிப்புறம் லைனிங். லீவரை இழுத்தால் கேபிள் இழுபட்டு, ஷூக்கள் விரிந்து, டிரம்மின் உட்சுவரை அழுத்திப் பிடிக்கும். லீவரின் பல்சக்கரம் அந்த இழுவிசையை விடாமல் தாங்கிக்கொள்ளும்.

லீவரிலிருந்து வரும் இழுப்பை இரண்டு சக்கரத்துக்கும் பங்கு போட நடுவில் ஒரு சின்னத் தகடு உண்டு. ஏர் மாட்டின் நுகத்தடி மாதிரிதான் அதன் வேலை. இரண்டு மாடும் சமமாக இழுத்தால் நேராக இருக்கும், ஒன்று பின்தங்கினால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதோடு லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி கூடும் அல்லவா? அந்த இடைவெளியைத் தானாகவே குறைத்துக்கொண்டு வர ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஓர் அட்ஜஸ்டர் இருக்கிறது. ஒரு குட்டிப் பல்சக்கரம், அதைத் தள்ள ஒரு நெம்பு, அதை இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். எங்கள் கதை முழுவதும் அந்த ஸ்பிரிங்கில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அவ்வளவு காலம் ஆனது.

சட்டமும் இதை லேசாக விடவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு, பொது இடத்தில் நிற்கும் வண்டியில் உரிமம் பெற்ற ஓட்டுநர் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இன்ஜினை அணைத்து, பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோ, ஆளில்லாத நேரத்தில் வண்டி தானாக நகராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. உலக நாடுகள் பல பின்பற்றும் ஐ.நா. 13-எச் விதி இன்னும் துல்லியமானது. முழுச் சுமை ஏற்றிய கார், 20 சதவீதச் சரிவில், ஏறுமுகமாக நின்றாலும் இறங்குமுகமாக நின்றாலும், பார்க்கிங் பிரேக்கின் பிடியிலேயே நகராமல் நிற்க வேண்டும். 20 சதவீதம் என்றால் 5 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் ஏறும் சரிவு. அதற்காகக் கைலீவரை இழுக்கும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய 40 கிலோ எடையைத் தூக்கும் விசை அது. ‘முழுச் சுமையோடு’ என்ற அந்த நிபந்தனையைப் படித்தபோது, என் சந்தேகத்துக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது.

முதல் இலவச சர்வீஸுக்குக் கோயம்புத்தூர் போனபோது சொன்னேன். சர்வீஸ் அட்வைசர் மரியாதையான பையன். “புது வண்டிங்க மேடம். கேபிள் கொஞ்சம் நீளும். ஓட ஓட செட் ஆயிடுங்க” என்றான். வண்டியை உள்ளே கொண்டுபோய், லீவரை இழுத்து, முன்னால் தள்ளிப் பார்த்தார்கள். நகரவில்லை. “பாருங்க, நல்லாத்தானுங்க புடிக்குது.” அந்தத் தரை தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாத சமதரை. நான் சரிவைப் பற்றிச் சொன்னேன். அவன் ஜாப் கார்டில் எழுதியது ஒரே வரி: ‘ஹேண்ட் பிரேக் அட்ஜஸ்ட் செய்யப்பட்டது.’

செய்தது என்னவென்றால், லீவருக்குக் கீழே மூடியைக் கழற்றி, கேபிள் நட்டை இறுக்கிவிட்டிருந்தார்கள். லீவர் சட்டென்று கெட்டியாகிவிட்டது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. மலையேறி வீட்டுக்கு வந்து இறங்கினால், வலது பின்சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை. கையை அருகே கொண்டுபோனால் அனல் அடித்தது. இடது சக்கரமோ சாதாரணச் சூட்டில் இருந்தது. இன்னும் சில நாளில் லீவர் பழையபடி மேலே ஏறத் தொடங்கியது. மறுபடியும் போனோம், மறுபடியும் நட்டை இறுக்கினார்கள், மறுபடியும் அதே வரி.

அந்த நாட்களில் நாங்கள் வண்டியை நிறுத்தும் முறையையே மாற்றிக்கொண்டோம். ஏறுமுகமாக நிறுத்தினால் முதல் கியர், இறங்குமுகமாக நிறுத்தினால் ரிவர்ஸ் கியர். முன்சக்கரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தோம். நழுவினாலும் சுவரில் முட்டி நிற்கட்டும் என்று. இறக்கத்துப் பக்கம் சக்கரத்துக்கு மரக்கட்டை. மலைப்பாதையில் லாரி நின்றால் கிளீனர் முதலில் குதித்துக் கட்டை போடுவார். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. மகள் பள்ளிக்குப் போகும்முன் கட்டை சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். நீலகிரி மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தினமும் கட்டை வைப்பதைப் பார்த்து, “என்ன டீச்சரம்மா, புது வண்டிக்கு இந்தக் கதியா?” என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. பிரேக் என்ற சொல்லை அவர் மற்றவர்கள் போலச் சாதாரணமாகச் சொல்வதில்லை.

அவர் பார்த்த வேலையைத் தெரிந்தவர்களுக்கு அதன் காரணம் புரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் ஓடும் அந்த ரயில் 1899-இல் குன்னூர் வரை வந்தது. 1908-இல் உதகை வரை நீண்டது. 2005-இல் யுனெஸ்கோவின் பாரம்பரியச் சின்னமானது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பற்கள் கொண்ட தடம் இருக்கும். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். 12.5 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற ஏற்றம். இன்ஜின் எப்போதும் இறக்கத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். அதோடு விட்டுவிடவில்லை. பெட்டிகளின் முகப்பில் பிரேக்ஸ்மேன்கள் நின்று, இன்ஜின் விசிலைக் கேட்டு, அந்தந்தப் பெட்டியின் பிரேக்கைக் கையால் போடுவார்கள். ஒரு பிரேக் கைவிட்டாலும் மற்றவை தாங்கும்.

“எங்க வேலையில பிரேக்கு புடிக்குதான்னு ஸ்டேஷன்ல நிக்கிறப்ப மட்டும் பாக்க மாட்டோம். லோடு ஏறி, சரிவுல இறங்குறப்ப புடிச்சாத்தான் அது பிரேக்கு” என்றார் பெரியவர். பிறகு ஒன்று சொன்னார்: “ரெண்டு சக்கரத்துல ஒண்ணு மட்டும் சூடாகுதுன்னா, இன்னொண்ணு வேலை செய்யலைன்னு அர்த்தம். சூடு ஆகுறதப் பத்தி மட்டும் கவலைப்படாதீங்க, ஆகாததையும் பாருங்க.” சர்வீஸ் சென்டரில் யாரும் கேட்காத கேள்வி அது. அனல் அடித்த வலது சக்கரத்தைப் பற்றியே நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். இடது சக்கரத்தின் பக்கம் யாரும் போகவே இல்லை.

அவரே எங்களை அருவங்காடு போகும் வழியில் இருந்த ஒரு மெக்கானிக்கிடம் அனுப்பினார். மெக்கானிக் அண்ணன் நான் சொன்ன எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டார். “கால் பிரேக்கு முன்னவிடக் கொஞ்சம் கீழ போகுதுங்களா டீச்சர்?” என்று கேட்டார். போகத்தான் செய்தது. “டிரம்மை நான் கழட்டினா வாரண்டி போச்சும்பாங்க. கழட்டாமலே காட்டுறேன், பாருங்க” என்றார்.

முன்சக்கரம் இரண்டுக்கும் கட்டை கொடுத்தார். பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்தார். கியரை நியூட்ரலில் போட்டு, என் கணவரை உள்ளே உட்கார வைத்து, “நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பல்லா இழுங்க சார்” என்றார். வலது சக்கரத்தைக் கையால் சுற்றினார். லீவரை இழுக்காதபோதே உர்ர் உர்ரென்று உரசியது. ஒரு பல், இன்னொரு பல். சக்கரம் கனத்து, அடுத்த பல்லில் பாறைபோல் நின்றுவிட்டது. பிறகு இடது பக்கம் வந்தார். லீவர் ஏறிக்கொண்டே போனது. அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. லீவர் முழுவதும் மேலே போய் நின்றபின் கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். அண்ணன் ஒரு கையால் தள்ளினார், சுற்றியது. என்னையும் தள்ளச் சொன்னார். நான் தள்ளியதும் அது சுற்றியபோது, சந்தின் அடியில் நிற்கும் பிள்ளைகள்தான் கண்முன் வந்தார்கள். வயிற்றைப் பிசைந்தது.

அவர் விளக்கியது இதுதான். இடது டிரம்மின் அட்ஜஸ்டர் வேலை செய்யவில்லை. அதனால் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. அந்த இடைவெளியை அடைக்க மேலே கேபிளை இறுக்கியிருக்கிறார்கள். இறுக்கியதில், ஒழுங்காக இருந்த வலது பக்கத்து ஷூ ஓய்வு நிலைக்குத் திரும்ப முடியாமல் எப்போதும் உரசுகிறது, அதனால்தான் சூடு. உரசி அங்கே லைனிங் தேய்ந்ததும் லீவர் திரும்பவும் மேலே ஏறுகிறது. “ஷூவை முதல்ல செட் பண்ணணும், கேபிளைக் கடைசியாத்தான் தொடணும். இவங்க தலைகீழாச் செஞ்சிருக்காங்க” என்றார். சக்கரம் சுற்றுவதைக் கணவர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். மெக்கானிக் அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார். “சரிவுல நிக்கிற வண்டி டீச்சர். சீக்கிரம் சரிபண்ணிட்டு வாங்க, போதும்” என்றார்.

கோயம்புத்தூருக்குத் திரும்பப் போனபோது, இந்த முறை என் புகாரை நானே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். ‘முழுச் சுமையுடன் சரிவில் நிறுத்தினால் வண்டி பின்னோக்கி நகர்கிறது. இடது பின்சக்கரம் ஹேண்ட் பிரேக்கில் பிடிக்கவில்லை. வலது பின்சக்கரம் சூடாகிறது.’ இந்த வாசகங்கள் அப்படியே ஜாப் கார்டில் ஏற வேண்டும், என் எதிரிலேயே சரிவில் சோதிக்க வேண்டும் என்று கேட்டேன். அட்வைசர் தயங்கினான். வொர்க்‌ஷாப் மேலாளர் வந்தார். படத்தைப் பார்த்தார். பிறகும், “எங்க டெஸ்ட்ல பாஸ் ஆயிருக்குங்களே மேடம்” என்றார்.

அந்தக் கட்டடத்திலேயே வண்டிகளை மாடிக்கு ஏற்றும் ரேம்ப் ஒன்று இருந்தது. அதைக் காட்டி, “இங்கேயே பார்க்கலாமே சார், நாலு பேரை உட்கார வையுங்கள்” என்றேன். நாலு மெக்கானிக்குகள் ஏறினார்கள். சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், இடைவெளி விட்டுக் கட்டை வைத்தார்கள். மேலாளரே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ரேம்பின் நடுவில் நிறுத்தி, லீவரை இரண்டு கையாலும் இழுத்து, பிரேக் பெடலிலிருந்து காலை மெல்ல எடுத்தார். வண்டி பின்னால் நகர்ந்து கட்டையில் இடித்து நின்றது.

அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இறங்கி வந்து, தன் கையாலேயே ஜாப் கார்டில் நான் எழுதியதை எழுதினார். டிரம் இரண்டையும் கழற்றும்போது என்னையும் பக்கத்தில் நிற்க அனுமதித்தார். வலது பக்கத்தில் லைனிங் பளபளவென்று மெருகேறி, ஓரம் கருகியிருந்தது, டிரம்முக்குள் கரும்பொடி. இடது பக்கத்தில் அட்ஜஸ்டர் நெம்பை இழுத்துப் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங், ஒரு முனை மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் நீளம்கூட இல்லை. மாட்டும் கொக்கியில் தேய்ந்த தடமே இல்லாததால், தொழிற்சாலையிலேயே அது மாட்டப்படவில்லை என்று மேலாளர் சொன்னார். இரண்டு பக்கமும் ஷூ செட்டை மாற்றி, அட்ஜஸ்டரைப் பொருத்தி, கேபிளைத் தளர்த்திவிட்டு, முதலில் ஷூவையும் கடைசியில் கேபிளையும் அளவுபடுத்தினார்கள். பிறகு அதே ரேம்பில், அதே நாலு பேரோடு, மேல்நோக்கி ஒரு தரம், கீழ்நோக்கி ஒரு தரம். வண்டி அசையவில்லை. செலவு முழுவதையும் வாரண்டியில் ஏற்றுக்கொண்டார்கள். கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிப்பதாகச் சொல்லி, நகலை எனக்குத் தந்தார் மேலாளர். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. கண்ணால் பார்த்ததும் உண்மையை ஒப்புக்கொண்டவர்.

புது வண்டியில் இப்படி நடக்குமா என்று பிறகு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நடக்கும். 2016 அக்டோபரில் டொயோட்டா நிறுவனம் உலகெங்கும் 3,40,000 ப்ரியஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. பார்க்கிங் பிரேக் கேபிள் கழன்றுவிடும் வாய்ப்பு இருந்ததுதான் காரணம். 2017-இல் டெஸ்லா, பொத்தானை அழுத்தினால் போடும் மின்சாரப் பார்க்கிங் பிரேக்கில் ஒரு சிறிய பல்சக்கரம் சரியாகத் தயாரிக்கப்படவில்லை என்று சுமார் 53,000 கார்களைத் திரும்ப அழைத்தது. கம்பியோ மின்சாரமோ, உள்ளே இருப்பது மனிதர் செய்து பொருத்தும் சிறு பாகங்கள்தாம். அவற்றில் ஒன்று தவறும். அது தவறியதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமா என்பதுதான் கேள்வி.

கண்டுபிடிப்பதில் வாங்கியவருக்கும் பெரிய பங்கு இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஓட்டுநருக்கோ பயணிகளுக்கோ சாலையில் போகிறவர்களுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறை ஒரு வகை வண்டியில் இருந்தால், அவற்றைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்த உத்தரவுக்கு அடிப்படைகளில் ஒன்று, உரிமையாளர்களில் குறிப்பிட்ட விழுக்காட்டினர் தெரிவிக்கும் புகார்கள். ‘அட்ஜஸ்ட் செய்யப்பட்டது’ என்று எழுதப்பட்ட ஜாப் கார்டு அந்தக் கணக்கில் சேராது. அங்கே ஒரு குறை இருந்ததற்கான தடயமே இல்லாமல் போய்விடும். ஆகவே புகாரை நம் வாக்கியத்தில், நடந்தது நடந்தபடி எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எங்கள் மேலாளர் நல்லவராக இருந்ததால் எனக்கு அது தேவைப்படவில்லை; தேவைப்படுகிறவர்கள் தயங்க வேண்டியதில்லை.

வேறு சில விஷயங்களையும் இந்த அலைச்சலில் கற்றுக்கொண்டேன். மழைக்காலத்தில் நனைந்த வண்டியை ஹேண்ட் பிரேக் போட்டுப் பல நாள் நிறுத்தினால், டிரம்மில் துரு ஏறி ஷூ ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது டமாரென்று சத்தத்தோடு விடுபடும், சில வேளை விடாது. அப்படி நீண்ட நாள் நிறுத்தும்போது சமதரையில், கியரில் போட்டு, கட்டை வைப்பதே நல்லது. பின்சக்கரத்தில் டிஸ்க்கையே ஹேண்ட் பிரேக்கும் பிடிக்கும் வண்டிகளில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மலையிறங்கிச் சூடான டிஸ்க் ஆறும்போது சற்றுச் சுருங்கும், பிடி தளரும். நிறுத்தும்போது நின்ற வண்டி கொஞ்ச நேரம் கழித்து நகரலாம். டிரம்மில் இதற்கு நேர்மாறு. ஆறும்போது டிரம் சுருங்கி ஷூவை இன்னும் இறுக்கும். டாஷ்போர்டில் எரியும் சிவப்பு பிரேக் விளக்கையும் அலட்சியமாக விடக் கூடாது. பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் பிரேக் எண்ணெய் குறைந்தாலும் அதே விளக்குதான் எரியும். லீவரை இறக்கிய பிறகும் அணையவில்லை என்றால் எண்ணெயைப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஓட்டுநர் வண்டிக்குள் இருக்கும்வரை ஒரு பிரேக் போனால் இன்னொன்றை மிதிக்கலாம், கியரை மாற்றலாம், சுவரோரம் ஒதுக்கலாம். ஹேண்ட் பிரேக் மட்டும்தான், கதவைச் சாத்திவிட்டு அவர் போன பிறகு, தனியாக நின்று வேலை செய்வது. அதைச் சோதிக்காமல் விடுவதன் விலையைக் கொடுக்கப்போகிறவர் பெரும்பாலும் வண்டிக்குச் சம்பந்தமே இல்லாதவர். தெருவில் நடப்பவர், குழாயடியில் நிற்பவர், விளையாடும் பிள்ளை.

ஆகவே வண்டி விற்கிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் வால்பாறைக்கும் போகப்போகும் வண்டி என்று தெரிந்தேதான் விற்கிறீர்கள். ஒப்படைக்கும்முன் செய்யும் சோதனைப் பட்டியலில் சரிவுச் சோதனையைச் சேருங்கள். ஆட்களை ஏற்றி, ரேம்பில் நிறுத்தி, வாங்குகிறவரின் எதிரிலேயே லீவரை இழுத்துக் காட்டுங்கள். அதற்குச் சில நிமிடம்தான் ஆகும். வாங்குகிறவர்களும் சாவியைக் கையில் வாங்குமுன் அதைக் கேளுங்கள். மலையில் வாழ்கிற எங்களுக்கு, அதைக் கேட்டுப் பெறுவது எங்கள் தெருவுக்குச் செய்ய வேண்டிய கடமை.